பேதைப் பருவத்துப் பூப்பு
மக்கியூன்–ஓல்பிறைற் நோய் பற்றிய சில குறிப்புகள்

உலா நூல்கள் மகளிர் பருவத்தை ஏழாக வகுத்துப் பாடுவன. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்னும் அவ்வேழனுள் பேதைக்கு 5 முதல் 7 வயதும், பெதும்பைக்கு 8 முதல் 11 வயதும், மங்கைக்கு 12, 13 வயதும் எல்லையாகச் சொல்வர். பேதைக்குப் பாவையும் பந்தும் கிளியும் சிற்றிலுமே உலகம். தலைவன் வீதியிலே பவனி வருகின்றான் என்று ஏனைய பருவத்தார் நெஞ்சிழந்து நிற்க, அவளோ தாயரோடு ஓடிவந்து வேடிக்கை பார்த்துவிட்டு மீண்டும் விளையாட்டிற்குச் செல்பவள். புலவர் பொதுவாகப் பேதையிடத்துக் காமக் குறிப்பை மிகுதியாக ஏற்றிப் பாடுவதில்லை. பெதும்பையிடத்தேதான் மாற்றத்தின் முதற் சாயல் மெல்லத் தென்படும்.

இன்றைய வைத்திய நூலோரும் பெண்பிள்ளையின் பூப்புக்கு 8 வயதையே கீழெல்லையாகக் கொள்கின்றனர். அவ்வயது நிரம்புமுன் மார்பு வளர்ச்சி முதலிய குறிகள் தோன்றினால் அதனை ஆராயவேண்டியதொரு நிலையாகக் கருதுகின்றனர். உலா பாடிய புலவர் வைத்தியம் கற்றே இவ்வாறு வகுத்தனர் என்று சொல்ல நாம் முற்படவில்லை. எதையெடுத்தாலும் எம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று பெருமை தேடும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று. பிள்ளைகளை உற்று நோக்கியவர்கள் வேறுவேறு காலத்தில் ஒரே இடத்திற் கோடிட்டனர் என்ற அளவிலே நிற்போம்.

அந்தக் கோட்டுக்கு இப்பால், பேதைப் பருவத்தும் அதற்கு முன்னரும், ஒன்றிரண்டு வயதுக் குழந்தையிடத்தே கூட, மாதவிடாய் போன்ற குருதிப்போக்கும் மார்பு வளர்ச்சியும் தோன்றும் நோயொன்று உண்டு. மிக அரிய நோய். ஓரிலட்சம் பேரில் ஒருவர் முதல் பத்திலட்சம் பேரில் ஒருவர் வரையில் அதற்கு ஆளாகலாம் என்று கணக்கிடுவர். இத்துணை அரியதொன்றைப் பற்றித் தமிழாசிரியர் எழுதுவானேன் என்று வாசகர் வினவக்கூடும். நோய் அரிதாயினும் அதனைச் சூழ்ந்து எழும் பேச்சு அரிதன்று. பிள்ளையின் உடலில் காலத்துக்கு முந்திய மாற்றம் ஒன்று கண்டால், வாகரையாயினும் மாங்கேணியாயினும் யாழ்ப்பாணமாயினும் சென்னையாயினும், முதலிற் பிறப்பது வெட்கம். அடுத்துப் பிறப்பது வதந்தி. வைத்தியர் மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் நினைவுக்கு வருகின்றார். இம்மலரை வாசிப்போரிற் பலர் தந்தையர், பேரர் கண்டோர், ஆசிரியர், அதிபர், கிராம உத்தியோகத்தர். அவ்வரிசையை மாற்றக் கூடியவர்கள் அவர்களே.

நோயின் பெயர் மக்கியூன்–ஓல்பிறைற் நோய். அமெரிக்க நாட்டு வைத்தியர் இருவர் பெயரால் வழங்குவது. டொனோவன் மக்கியூன் என்பார் 1936இல், எலும்பு நோயும், தோலிற் பல நிறத்திட்டுகளும், முந்திய பூப்பும், தைரொயிட்டுச் சுரப்பியின் மிகையியக்கமும் ஒருங்கே வாய்ந்த 9 வயதுச் சிறுமி ஒருத்தியின் நிலையைக் குறித்து எழுதினார். அடுத்த ஆண்டில், 1937இல், பொஸ்தன் நகரத்து மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையிலிருந்த புல்லர் ஓல்பிறைற்றும் அவருடைய துணைவரும் ஐந்து நோயாளரின் வரலாற்றைத் திரட்டி வெளியிட்டு, இவையெல்லாம் தற்செயலாக ஒன்று சேர்ந்த பல நோய்களல்ல, ஒரே நோயின் பல முகங்கள் என்று நிலைநாட்டினர்.

ஓல்பிறைற் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது செல்ல மனம் வரவில்லை. 1900இற் பிறந்த அவர் முப்பதுகளின் நடுப்பகுதியிலேயே பார்க்கின்சன் நோய்க்கு ஆளானார். கை நடுங்கியது, எழுத்துச் சிதைந்தது, பேச்சுக் குழறியது. அந்நிலையிலும் இருபதாண்டுக் காலம் எலும்பையும் ஓமோன்களையும் பற்றி ஆராய்ந்து, அத்துறையின் தந்தையருள் ஒருவராக மதிக்கப்பட்டார். 1956இல் நடுக்கத்தைப் போக்கும் பொருட்டுத் தமக்கு மூளையிற் சத்திரசிகிச்சை செய்வித்துக்கொண்டார். அதன்போது குருதிக் கசிவு ஏற்பட்டு நினைவிழந்தவர், 1969இல் இறக்கும்வரை அந்நிலையிலேயே கிடந்தார்.

இனி நோயின் அடையாளங்களைக் காண்போம். மூன்று இடங்களில் அவை வெளிப்படும்: தோல், எலும்பு, அகஞ்சுரக்குஞ் சுரப்பிகள். மூன்றும் ஒருவரிடத்தே இருத்தல் வேண்டும் என்பதில்லை. இரண்டு இருப்பினும் வைத்தியர் ஐயுறுவர்.

தோலில் தோன்றுவன பாற்கோப்பி நிறத்துத் திட்டுகள். பிறப்பிலோ பிறந்த சில காலத்திலோ தென்படுவன. பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தையே சார்ந்து, நடுக்கோட்டை அடைந்ததும் நின்றுவிடும் இயல்பின. அவற்றின் ஓரம் கவனிக்கத்தக்கது. அமெரிக்க நூல்கள் அதனை மெயின் மாநிலத்துக் கடற்கரைக்கு ஒப்பிடும். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நமது கிழக்குக் கரையின் கடலோரம் நெடுந்தூரம் ஒரே வளைவாய் ஓடுவது. வாவியின் ஓரமோ கண்டலும் கழிமுகமும் சிறு தீவுமாய் உள்ளே குடைந்தும் வெளியே நீண்டும் கிழிந்த துணிபோற் கிடப்பது. இந்நோயின் திட்டு வாவியோரம் போன்றது. இதே நிறத்துத் திட்டுகள் வேறொரு நரம்பு நோயிலும் தோன்றுவதுண்டு. அவற்றின் ஓரம் கடலோரம் போல ஒழுங்கானது. கிரகண வேளையிலே கருவுற்ற தாய் வெளியிற் சென்றமையால் வந்த கறை என்று இத்தகைய திட்டுகளைக் குறித்து ஊரிலே சொல்வர். கிரகணத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. ஒற்றைத் திட்டொன்று பல பிள்ளைகளுக்கு உண்டு என்பதையும் உடன் சொல்லிவிடுகின்றோம். அது தனியே நோய்க்குறியாகாது.

எலும்பில் நிகழ்வது யாதெனின், உறுதியான எலும்பு அமையவேண்டிய இடத்தில் நாரிழையம் அமைந்துவிடுதலாகும். கதிர்ப்படத்திலே அப்பகுதி தேய்த்த கண்ணாடி போல மங்கித் தோன்றும். தொடையெலும்பின் மேற்பகுதி உடலின் சுமையைத் தாங்கமாட்டாது மெல்ல வளைந்து இடையன் கைக்கோல் வடிவாகும். முகத்தெலும்பு தாக்குண்டால் ஒரு பக்கம் புடைக்கும். சிறு பிள்ளை விளையாடி விழுந்து கால் முறிவது புதுமையன்று. ஆயினும் சிறு தடுக்கலுக்கே முறிவதும், முறிந்த இடமே மீண்டும் முறிவதும், நொண்டி நடத்தல் மாறாதிருப்பதும் வேறு. நம் பகுதியில் முறிவு நெறிவுக்குக் கைதேர்ந்த சுதேச வைத்தியர் இருந்துவருகின்றனர்; அவர்தம் கைத்திறத்தை நாம் குறைத்துரைக்கமாட்டோம். எனினும் கட்டுப் போடுமுன் ஒரு கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தல் அவருக்கும் நன்று, பிள்ளைக்கும் நன்று.

மூன்றாவதாகிய சுரப்பிகளின் கூத்தே இக்கட்டுரையின் மையம். அதனை விளங்கிக்கொள்ள முதலில் இயல்பான பூப்பு நிகழும் முறையை அறிதல் வேண்டும். மூளையின் அடியிலே பரிவகக்கீழ் என்னும் சிறு பகுதி உண்டு. குழந்தைப் பருவம் முழுதும் அது இவ்வகையிற் பெரிதும் உறங்கிக்கிடக்கும். உரிய வயதில் விழித்தெழுந்து, விட்டுவிட்டுத் துடிப்பதுபோல் ஓர் ஓமோனைச் சுரந்து அதன் கீழுள்ள கபச்சுரப்பிக்கு அனுப்பும். கபச்சுரப்பி அவ்வாணையை ஏற்றுப் புடைப்புத் தூண்டும் ஓமோனையும் லூட்டினாக்கும் ஓமோனையும் குருதியிற் கலக்கும். அவை சூலகத்தை அடைந்தபின்னரே சூலகம் ஈஸ்திரஜன் என்னும் பெண்மை ஓமோனைச் சுரக்கும். மார்பு வளர்தலும், உயரம் விரைந்து ஏறலும், கருப்பையின் உட்படலம் தடித்தலும் ஈஸ்திரஜனின் செயல்.

வாகனேரிக் குளத்து நீரில் வேளாண்மை செய்வோருக்கு இதனை எளிதில் விளக்கலாம். கூட்டம் கூடி நாட் குறித்த பின்னர் வட்டை விதானையார் சொன்னாற்றான் மதகு திறக்கும், சொன்னால் மூடும். பரிவகக்கீழ் கூட்டம், கபச்சுரப்பி வட்டை விதானை, சூலகம் மதகு, ஈஸ்திரஜன் வாய்க்காலில் ஓடும் நீர். சில சிறுமியரிடத்தே கூட்டமே காலத்துக்கு முன் கூடிவிடுகின்றது. அஃது ஒருவகை முந்திய பூப்பு. உலகில் அதிகமாகக் காணப்படுவது அதுவே. மக்கியூன்–ஓல்பிறைற் நோயில் நடப்பதோ வேறு. கூட்டமும் கூடவில்லை, விதானையாரும் உறக்கத்தில் இருக்கின்றார், மதகின் திருகு மட்டும் பழுதாகித் தானே திறந்து நீரைக் கொட்டுகின்றது. இக்குழந்தைகளின் குருதியைச் சோதித்தால் ஈஸ்திரஜன் உயர்ந்தும் கபச்சுரப்பியின் ஓமோன்கள் மிகத் தாழ்ந்தும் இருக்கும். தூண்டிப் பார்க்கும் சோதனையிலும் கபச்சுரப்பி அசையாது. இந்த வேறுபாட்டை அறியாது செய்யும் வைத்தியம் பயன்படாது என்பதைப் பின்னர் காண்போம்.

சூலகத்திலே நீர் நிறைந்த பைபோன்ற கட்டியொன்று, பெரும்பாலும் ஒரு பக்கத்தே, வளரும், ஈஸ்திரஜன் பெருகும், மார்பு பருக்கும், கருப்பையின் உட்படலம் தடிக்கும். பின்னர் அக்கட்டி தானே சுருங்கும். ஈஸ்திரஜன் சட்டென வீழும். தாங்குதற்கு ஓமோன் இல்லாதொழிந்த படலம் உதிர்ந்து குருதியாய் வெளிப்படும். சில வாரமோ சில மாதமோ கழித்து இன்னொரு கட்டி எழும். சில பிள்ளைகளுக்கு நீண்ட காலம் எழாமலும் இருக்கும். ஒழுங்கு கிடையாது. இயல்பான பூப்பில் மார்பு வளர்ந்து ஈராண்டளவு சென்ற பின்னரே முதற் குருதி காணப்படும். இங்கோ மார்பில் மாற்றம் தெரியுமுன்னரே குருதி காண்பதுண்டு. முட்டை முதிர்ந்து வெளிவருதல் இங்கு பெரும்பாலும் நிகழ்வதில்லை.

இதனால் விளையும் கேடு குருதிப்போக்கோடு நிற்பதன்று. ஈஸ்திரஜன் எலும்பை முதிரச் செய்யும். ஐந்து வயதுப் பிள்ளையின் எலும்பு எட்டு ஒன்பது வயதின் நிலையை அடைந்துவிடலாம். முதலிற் பிள்ளை வகுப்பிலுள்ள ஏனையோரிலும் ஓங்கி வளர்வாள், பெற்றோர் மகிழ்வர். வளர்ச்சித் தட்டுகள் காலத்துக்கு முன் மூடிக்கொள்ள, பின்னர் அவள் நின்ற இடத்தில் நிற்க, ஏனையோர் அவளைக் கடந்து வளர்வர். குழந்தையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் உயரக் கோடு திடீரென மேல்நோக்கித் தாவுமாயின், ஊட்டம் நன்றாயிற்று என்று மட்டும் எண்ணி வாளாவிருத்தல் ஆகாது.

ஏனைய சுரப்பிகளும் இவ்வாறே கட்டளையின்றி இயங்கலாம். தைரொயிட்டு மிகையாகச் சுரக்கும். கபச்சுரப்பி வளர்ச்சி ஓமோனை மிகுத்துவிடும். நாரிழையமான எலும்பு சுரக்கும் பொருளொன்று பொசுபேற்றைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். ஆண்பிள்ளைகளுக்கும் இந்நோய் உண்டு. எனினும் அவர்களிடத்தே முந்திய பருவமடைதல் குறைவு.

ஏன் இவ்வாறு நிகழ்கின்றது? 1937இலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் விடையில்லை. விடையின் ஒரு கூறு, வியக்கத்தக்க வகையில், கல்கத்தாவிலே பிறந்தது. 1959இல் சம்புநாத் டே என்னும் வங்கத்து அறிஞர், வாந்திபேதிக் கிருமியை வளர்த்த நீரிலிருந்து கிருமிகள் யாவற்றையும் வடித்து நீக்கிவிட்டு, எஞ்சிய நீரை முயலின் குடலிற் செலுத்தினார். கிருமியே இல்லாத அந்நீர் குடலுக்குள் வெள்ளம்போல் நீர் சுரக்கச் செய்தது. ஆகவே கொல்வது கிருமி வெளிவிடும் நஞ்சு என்பது தெளிவாயிற்று. வாழ்நாளில் அவருக்குரிய புகழ் அவரை வந்தடையவில்லை. 1985இல் அவர் மறைந்தார். அந்நஞ்சு செய்வதென்ன என்று பின்வந்தோர் துருவியபோது, குடற் கலத்தினுள் இருக்கும் ஒரு புரதத்தைப் பிடித்து அதனை ஓயாது இயங்குமாறு பூட்டிவிடுகின்றது என்று கண்டனர்.

அப்புரதம் ஜீ புரதம் எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. கலத்தின் வெளிப்புறத்தே ஓமோன் வந்து தட்டினால், உள்ளே செய்தி சொல்லும் வாயிலோன் அதுவே. செய்தி வந்ததும் அது இயங்கு நிலையடைந்து, வட்ட ஏ.எம்.பி. என்னும் சிறு பொருளைக் கலத்தினுள்ளே பெருக்கச் செய்யும். பின்னர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். வட்ட ஏ.எம்.பி.யைக் கண்டறிந்த ஏர்ள் சதர்லந்துக்கு 1971இலும், ஜீ புரதங்களைக் கண்டறிந்த அல்பிரட் கில்மன், மார்ட்டின் றொட்பெல் ஆகியோர்க்கு 1994இலும் நோபெல் பரிசு கிடைத்தது. சூலகத்துக்கும் தைரொயிட்டுக்கும் எலும்புக்கும் தோலின் நிறக் கலங்களுக்கும் இவ்வாயிலோன் பொதுவானவன். ஒரே நோய் நான்கிடத்தும் தலைகாட்டுதற்குக் காரணம் இதுவே.

புரதமென்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாலை. இப்புரதத்தில் ஏறத்தாழ 400 மணிகள். அவற்றுள் 201ஆவது மணி ஆர்ஜினைன். புரதம் தன்னை அணைத்துக்கொள்ளுதற்கு அது இன்றியமையாதது. வாந்திபேதி நஞ்சு வந்து பற்றுவது இந்த 201ஆவது ஆர்ஜினைனையே. 1991இல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தைச் சேர்ந்த வைன்ஸ்ரைன் முதலியோர், மக்கியூன்–ஓல்பிறைற் நோயாளரின் இழையங்களை ஆராய்ந்தபோது, அவர்களிடத்தும் அதே 201ஆவது மணியே மாறியிருக்கக் கண்டனர். ஆர்ஜினைன் இருக்கவேண்டிய இடத்தில் சிஸ்ரினோ ஹிஸ்ரிடினோ இருந்தது. கங்கைக் கரையிற் கொள்ளைநோயாய்ப் பல்லாயிரவரைக் கொன்ற நஞ்சும், எங்கோ ஒரு குழந்தையை மெல்ல வருத்தும் இவ்வரிய நோயும் ஒரே தாழ்ப்பாளின் ஒரே ஆணியைப் பெயர்க்கின்றன. குடற் கலங்கள் சில நாளில் உதிர்ந்து புதியன தோன்றுவதால் வாந்திபேதியில் நீரும் உப்பும் கொடுத்துக் காத்தால் நோயாளி பிழைப்பார். இங்கோ மாற்றம் பரம்பரையலகிலேயே எழுதப்பட்டுவிட்டது. கலம் பிரியப் பிரிய அதுவும் உடன் செல்லும்.

பரம்பரையலகில் நிகழும் மாற்றத்தை ஈழத்து விஞ்ஞான நூல்கள் ‘விகாரம்’ என்கின்றன. இலக்கணம் கற்ற மாணவர்க்கு இச்சொல் புதிதன்று. தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரம் மூவகைப்படும் என்று நன்னூலிற் படித்திருக்கின்றோம். பரம்பரையலகின் எழுத்துத் தொடரிலும் ஓர் எழுத்துப் புதிதாய்ப் புகலாம், ஒன்று மற்றொன்றாய் மாறலாம், ஒன்று விடுபடலாம். இந்நோயில் நிகழ்வது திரிதல். 20ஆம் நிறமூர்த்தத்திலுள்ள ஜி.என்.ஏ.எஸ். என்னும் பரம்பரையலகில் ஒரே ஓர் எழுத்தின் திரிபு. சொல்லாக்கம் செய்த பெரியோர் இலக்கணத்திலிருந்து எடுத்தனரோ, வடமொழியினின்று நேரே கொண்டனரோ, பொருத்தம் அழகியது.

இங்கே நம்மவர் பெரிதும் மயங்குமிடம் ஒன்று உண்டு. சற்று நின்று பேசுவோம். பரம்பரையலகில் வந்த பழுது என்றதும் பரம்பரை நோய் என்றும், தாய்வழியிலோ தந்தைவழியிலோ வந்தது என்றும் முடிவுகட்டுவர். இந்நோய் பெற்றோரிடமிருந்து வருவதன்று. ஏட்டுச் சுவடிகளை எண்ணிப் பார்க்க. மூல ஏடு பிழையற்றது. அதனைப் பார்த்து ஒருவர் பிரதி செய்கின்றார். அப்பிரதிகளைப் பார்த்து வேறு பலர் பிரதி செய்கின்றனர். நாலாம் ஐந்தாம் பிரதியில் ஓரெழுத்துத் திரிந்துவிடின், அப்பிரதியின் வழிவந்த ஏடுகளில் மட்டுமே அப்பாடபேதம் காணப்படும். ஏனைய ஏடுகள் மூலத்தோடு ஒத்திருக்கும். கருவும் அவ்வாறே. தாயினதும் தந்தையினதும் கலங்கள் சேர்ந்தமைந்த முதற் கலம் குற்றமற்றது. அது இரண்டாய், நான்காய், பலவாய்ப் பிரியும் தொடக்க நாட்களில் எங்கோ ஒரு கலத்தில் எழுத்துத் திரிகின்றது. அதன் வழிவந்த கலங்கள் சூலகத்திற் சேர்ந்தால் சூலகமும், தோலிற் சேர்ந்தால் தோலும், எலும்பிற் சேர்ந்தால் எலும்பும் தாக்குறும். ஆகவேதான் ஒரு நோயாளரைப்போல் மற்றொருவர் இருப்பதில்லை. ஒருவருக்குத் திட்டு மட்டும், மற்றொருவருக்கு மூன்றும்.

ஜேர்மானியத் தோல்வைத்திய அறிஞராகிய றுடோல்ப் ஹப்பிள், பரம்பரையலகு கண்டுபிடிக்கப்படுமுன்னரே, 1986இல், இதனை ஊகித்துரைத்தார். உடலின் எல்லாக் கலங்களிலும் இவ்விகாரம் இருக்குமாயின் கரு உயிர்தரியாது. நல்ல கலங்களோடு கலந்து இருப்பதனாலேயே பிள்ளை பிறக்கின்றது என்றார். ஐந்தாண்டின் பின் ஆய்வுகூடம் அவர் சொல்லை மெய்ப்பித்தது. நோயுற்ற பெண் வளர்ந்து மணந்து பெறும் பிள்ளைக்கும் இந்நோய் செல்வதில்லை. தாய் உண்டது, தந்தை செய்தது, சாதகத்திற் கிரகம் நின்றது, குலத்தில் வந்த சாபம் என்று சொல்வன யாவும் இவ்விடத்துக்குப் பொருந்தா. தங்கையின் திருமணப் பேச்சிலே அக்காளின் நோயை இழுத்துவந்து வைப்போருக்கு இதனை எடுத்துச் சொல்லுதல் இம்மலரை வாசிப்போர் செய்யத்தக்க உதவி.

இதற்குத் தமிழில் எப்பெயர் இடுவது? யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து ‘அங்காதிபாதம்’, ‘இரணவைத்தியம்’ போன்ற நூல்களை ஆக்கிய காலந்தொட்டு இத்தகைய வினா ஈழத்தில் எழுந்துவருவது. மூளை முந்தி விழிப்பதால் வருவதை ‘மெய்ப் பூப்பு’ என்றும், சூலகம் தானே இயங்குவதால் வருவதைப் ‘பொய்ப் பூப்பு’ என்றும் மேனாட்டு வழக்கை ஒட்டி மொழிபெயர்க்கலாம். அது நமக்கு உடன்பாடன்று. பொய் என்ற சொல் நோயை விட்டுப் பிள்ளையின் மேல் ஒட்டிக்கொள்ளும். ‘தன்னியக்கச் சூலகம்’ என்று உறுப்பின்மேல் வைத்துச் சொல்லுதல் நன்று. பூப்பு என்ற சொல்லையே இங்கு விலக்கலாம் என்பது நம் எண்ணம். பூத்தல் என்பது காய்த்தற்கு முன்னிலை. இங்கே அம்முன்னிலை இல்லை. பெரியபிள்ளையாதல், பக்குவப்படுதல், புத்தியறிதல் என்று நம்மவர் வழங்கும் சொற்களைப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தை பெரியபிள்ளையும் ஆகவில்லை, பக்குவமும் படவில்லை, புத்தியும் அறியவில்லை. உடலின் ஒரு சுரப்பி மிகைபடச் செய்ததற்கு உள்ளம் பொறுப்பன்று. அவளுடைய மனம் அவளுடைய வயதின் மனமே. பாவையும் பந்தும் கேட்கும் பிள்ளைக்கு வளையலும் மறைப்பும் கட்டாயமாக்கி வீட்டுக்குள் இருத்துதல் தகாது. பாடசாலையை நிறுத்துதல் அதனினும் தகாது.

சாமத்தியச் சடங்கு செய்யவேண்டுமா என்று கேட்போர் உண்டு. வேண்டா என்பதே நம் தெளிந்த விடை. சடங்கென்பது பெண் ஒருத்தி வளர்ந்துவிட்டாள் என்று ஊருக்கு அறிவிப்பது. நோயை ஊருக்கு அறிவிப்பதில்லை. உரிய வயதில், உரிய முறையிற் செய்ய விரும்புவோர் செய்யட்டும்.

செய்யவேண்டியது யாது? எட்டு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைக்குக் குருதி கண்டால் அன்றோ மறுநாளோ வைத்தியரிடம் கொண்டு செல்லுதல். காரணங்கள் பல. காயம், கிருமித்தொற்று, உள்ளே சென்ற சிறு பொருள், பிறர் இழைத்த தீங்கு ஆகிய எதுவாயினும் இருக்கலாம். யாரோ தீங்கிழைத்தார் என்று ஆராயாமற் பழி சுமத்துதலும் பிழை; அப்படி ஒன்று நிகழ்ந்திராது என்று ஆராயாமல் மூடிவிடுதலும் பிழை. குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம். வாகரையிலோ வாழைச்சேனையிலோ உள்ள அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லலாம். அவர்கள் வேண்டின் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கும், அதற்கப்பால் கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும் அனுப்புவர். பிள்ளையின் உடலிலுள்ள திட்டுகளையும் முன்னர் முறிந்த எலும்புகளையும் மறவாது சொல்லுதல் வேண்டும். தாய் குருதியைப் பற்றி மட்டும் சொல்லி, தோளிலுள்ள மறுவைப் பொருட்படுத்தாது விட்டால், வைத்தியருக்கு வேண்டிய திறவுகோல் வீட்டிலேயே தங்கிவிடும்.

வயிற்றை ஒலியலைக் கருவியாற் பார்க்கும்போது பெரிய கட்டியொன்று தென்படுவதால், அதனைப் புற்றெனக் கருதிச் சூலகத்தையே வெட்டி அகற்றிய வரலாறுகள் உலகிற் பல. அக்கட்டி தானே சுருங்கும் இயல்பினது. ஒரு சூலகத்தை அகற்றினாலும் மற்றதிலும் திரிந்த கலங்கள் இருக்கக்கூடும். ஆதலின் இன்றைய வைத்திய நெறி, இயன்றவரை சூலகத்தைக் காத்து மருந்தால் ஆளுதல்.

மூளை வழி வந்த முந்திய பூப்புக்கு, கபச்சுரப்பியை அடக்கும் ஊசி மருந்து உண்டு. இங்கே அது தனியே உதவாது. விதானையாரை எத்துணை கெஞ்சினும் உடைந்த மதகு மூடுமா? வாய்க்காலைத்தான் தடுக்கவேண்டும். லெற்றோசோல் என்னும் மருந்து ஈஸ்திரஜன் உருவாகும் கடைசிப் படியைத் தடுக்கின்றது. தமொக்சிபென் ஈஸ்திரஜன் சென்று பற்றும் இடத்தை முன்னரே அடைத்துக்கொள்கின்றது. குருதிப்போக்கு எப்போதோ ஒருமுறை வந்து எலும்பும் முதிராதிருந்தால், மருந்தின்றிக் கவனித்து வருதலும் உண்டு. எலும்பு பெரிதும் முதிர்ந்த பிள்ளைகளிற் சிலருக்கு மூளையும் பின்னர் காலத்துக்கு முன் விழித்துக்கொள்ளும். அப்போது முன்சொன்ன ஊசியும் சேரும். மருந்துப் பெட்டிக்குள் வரும் தாளை வாசிப்போர் ஒன்றைக் கவனிக்க. லெற்றோசோலும் தமொக்சிபெனும் மார்புப் புற்றுநோய்க்குப் பெரிதும் வழங்கப்படுபவை. அத்தாளில் அவ்வாறே அச்சிட்டிருக்கும். அதைக் கண்டு பிள்ளைக்குப் புற்றுநோயென்று அஞ்சி மருந்தை நிறுத்தற்க.

வளர்ந்த பின்னர் இப்பெண்களின் மாதவிடாய் ஒழுங்கற்றிருத்தல் உண்டு. சூலகத்தின் தன்னியக்கம் முற்றிலும் ஓய்வதில்லை. பலர் தாயாகின்றனர். மார்பைச் சற்று இளவயதிலிருந்தே வைத்தியரிடம் சோதித்துவருதல் நன்று என்று அறிவுறுத்துவர். எலும்பின் நோவைத் தணிக்க மருந்துண்டு. வளைந்ததை நிமிர்த்தச் சத்திரசிகிச்சையுண்டு. திரிந்த எழுத்தைத் திருத்தவோ, அணையாத அப்புரதத்தை அணைக்கவோ வல்ல மருந்து இன்னும் நோயாளர் கைக்கு எட்டவில்லை; ஆய்வுகூடங்களில் அதற்கான தேடல் நடந்துவருகின்றது.